நிற்காத ரிவர்ஸ் கியர்

நம் சபை இதழில் சாட்சி எழுதுகிறவர்கள் ஸ்தோத்திரத்தோடு தொடங்குவார்கள். என்னால் அப்படித் தொடங்க முடியவில்லை. ஸ்தோத்திரம் வரும். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணி இருக்கும். எங்கள் வீட்டு டிராக்டரைப் பின்னால் எடுத்து, என் ஒரே மகளைச் சுவரோடு நசுக்கினேன். நான்தான். உங்களில் பலருக்கு வேறு கதை தெரியும். அந்தக் கதையையும் நான்தான் சொன்னேன்.

என்னை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவன். திருமணமாகி இங்கே கேரள எல்லைக்குள் பாறசாலைப் பக்கம் வந்து இருபத்து நான்கு வருடமாகிறது. பள்ளியில் தமிழ் ஆசிரியர். என் மனைவி எஸ்தருக்கு அவள் வீட்டிலிருந்து ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு டிராக்டரும் வந்தன. நிலத்தில் மரச்சீனிக் கிழங்கும் வாழையும் போடுகிறோம். டிராக்டருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. விற்றுவிடலாம் என்று எஸ்தர் சொல்லாத மாதம் இல்லை. நான் கேட்கவில்லை. பள்ளி முடிந்து வந்து அதில் ஏறி உட்கார்ந்தால் எனக்கு ஒரு நிமிர்வு. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மழை தொடங்கிய நாளிலிருந்து அதன் கியர்ப் பெட்டியில் தொல்லை. முதல் கியர் போட்டு ஏற்றத்தில் ஏற்றினால், பாதியில் லீவர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடும். ரிவர்ஸிலும் அப்படியே. இரண்டாவது, மூன்றாவது கியர்களில் அந்தத் தொல்லை கிடையாது. போதாததற்கு, கியர் போடும்போதெல்லாம் பல்லோடு பல் உரசுகிற சத்தம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். அதனால் நான் தெரிந்ததைச் செய்தேன். ஜெபித்தேன்.

குடும்ப ஜெபத்தில் தினமும் டிராக்டர் வந்தது. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்த போதகர், நான் கேட்டதற்காக, பானட் மேல் கை வைத்தும் ஜெபித்தார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்புறமிருந்து கேட்டார்: "சாரே, வண்டிக்கு ஞானஸ்நானமா? பேரு என்ன வச்சிய?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் விடாமல் ஜெபித்தேன். ஆண்டவரே, இந்தக் கியரை நிற்கச் செய்யும். இதுதான் என் ஜெபம். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஜெனிக்கு இருபத்து மூன்று வயது. மெக்கானிக்கல் படித்தவள். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை, அங்கேயே விடுதி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவாள். ஆகஸ்டில் வந்தபோது என் ஜெபத்தைக் கேட்டுவிட்டு, ஆமென் சொன்ன கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ஆயில் பாத்தியளா?"

"என்ன ஆயில்?"

"கியர் ஆயில். ரெண்டு மாசமா ஜெபிக்கிறிய. ஒரு நாளாவது குச்சிய உருவிப் பாத்தியளா?"

பார்க்கவில்லை. அவளே உருவிப் பார்த்தாள். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது என்றாள். லீவரின் அடியில் இருக்கிற ரப்பர் உறை கிழிந்து, ஷெட்டின் ஓட்டைத் தகரம் வழியாக வடிந்த மழை முழுவதும் கியர்ப் பெட்டிக்குள் போயிருந்தது. பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்தக் கியர் தெறிக்கிறது, வண்டி குளிர்ந்திருக்கும்போதா சூடானபின்பா, சுமை இருக்கும்போதா சும்மா போகும்போதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"முதலும் ரிவர்ஸும் ஒரே தண்டுலதான்ப்பா இருக்கு. அந்தத் தண்டப் பிடிச்சு நிறுத்துற ஸ்பிரிங்கும் குண்டும் தேஞ்சிருக்கும். உரசுற சத்தம் வேற கேஸ். கிளட்ச் முழுசா விடல்ல. பெடல் சும்மா எவ்வளவு இறங்குது பாருங்க."

"அப்ப எல்லாத்தையும் ஒண்ணா மாத்திருவோம்."

"அய்யோ, அது பாடில்ல. ஒண்ணொண்ணா மாத்தணும். ஒண்ணு மாத்தி, ஓட்டிப் பாத்து, பின்ன அடுத்தது. இல்லேன்னா எது சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? ஆபீஸ்ல நான் செய்யிற வேல இதுதான்."

மெக்கானிக் சுகுமாரனை வரச் சொன்னோம். இந்தப் பக்கத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அறுபதை நெருங்குகிறவர், மலையாளி, அதிகம் பேசமாட்டார். சுகு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஜெனியின் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சாரே, எனிக்கு இனி பணியில்ல. மோள் எல்லாம் கண்டுபிடிச்சு" என்று சிரித்தார். அவள் சொன்னதையே அவரும் சொன்னார். ஸ்பிரிங்கும் குண்டும் நாகர்கோவிலிலிருந்து வர வேண்டும் என்று கடைக்குச் சொல்லி அனுப்பினார்.

ஜெனி அடுத்து வீட்டுக்கு வரும் சனிக்கிழமைக்குள் அவை வந்துவிட வேண்டும் என்று ஜெபித்தேன். வரவில்லை. அன்று காலை எனக்குக் கோபமே வந்தது. ஒரு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடவா இவ்வளவு தாமதம் என்று ஆண்டவரிடம் முணுமுணுத்தேன். சரி, இருக்கிற வேலையை முடிப்போம் என்றார் சுகு அண்ணன். பழைய எண்ணெயை வடித்தோம், புதியது ஊற்றினோம், ரப்பர் உறையை மாற்றினோம். அவர் கீழே படுத்து கிளட்ச் கம்பியை முறுக்கிச் சரிசெய்தார். ரிவர்ஸ் தெறிப்பது மட்டும் அப்படியே இருந்தது.

இனி சோதனை. நான் ஏறி உட்கார்ந்தேன். கிளட்சை மிதித்து, ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. இரண்டு மாதத்தில் முதல் முறை. எனக்குச் சின்னப் பிள்ளையைப் போல மகிழ்ச்சி. எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கேட்டேன்: "எடுக்கட்டா?"

சுகு அண்ணன் முன்சக்கரத்தின் பக்கம் நின்றார். வண்டியின் பின்புறம் ஷெட்டின் சுவரை நோக்கி இருந்தது. நடுவில் ஆறேழு அடி இடைவெளி. வடித்த எண்ணெய்த் தட்டு அங்கே கிடந்தது. சக்கரம் ஏறி அது கொட்டிவிடக் கூடாதென்று அதை இழுக்க ஜெனி அங்கே போயிருந்தாள். எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. அவர் கத்தினார்:

"பின்னெ எடுத்தா மதி! மோள் பிறகிலுண்டு!"

இங்கே பிறந்தவர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. பிறகு எடுத்தால் போதும், மகள் பின்னால் இருக்கிறாள். அவ்வளவுதான். மலையாளத்தில் பின்னெ என்றால் பிறகு. பிறகில் என்றால் பின்னால். தமிழும் மலையாளமும் இந்த இரண்டு சொற்களையும் இடம் மாற்றி வைத்திருக்கின்றன. இதை ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். கட்டுரையில் மாற்றி எழுதுகிற பிள்ளைகளைக் கண்டித்திருக்கிறேன்.

அன்று என் காதில் விழுந்தது முதல் இரண்டு சொற்கள் மட்டும்தான். பின்னே எடு. மீதியை எஞ்சின் தின்றுவிட்டது. இருபத்து நான்கு வருடம் இந்த ஊரில் இருந்தவன்தான். ஆனால் அந்த நொடியில் கேட்ட காது திருநெல்வேலிக் காது. கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

வண்டி குதித்துப் பின்னால் போனது. ஒரு அலறல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஜெனி சுவரில் சாய்ந்து நின்றாள். கலப்பை மாட்டுகிற இரும்புச் சட்டம் அவள் இடுப்பில் இருந்தது. அவள் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஒன்றும் செய்யவில்லை. கிளட்சை மிதிக்கவில்லை, பிரேக்கை மிதிக்கவில்லை. கையும் காலும் என்னுடையவையாக இல்லை.

பின்சக்கரங்கள் சுவரடியில் இருந்த கல் விளிம்பில் முட்டின. எஞ்சின் ஒரு முறை உறுமியது. டக் என்று ஒரு சத்தம். லீவர் என் முழங்காலில் அடித்து நியூட்ரலுக்கு வந்து விழுந்தது. வண்டி நின்றது.

சுகு அண்ணன் ஓடிவந்தார். எஸ்தர் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தாண்டி வந்தார். மூவருமாகச் சட்டத்தில் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வண்டி நியூட்ரலில் இருந்ததால் ஒரு சாண் முன்னே நகர்ந்தது. ஜெனி அப்படியே சரிந்தாள். சுகு அண்ணன் அவளைத் தரையில் விழாமல் பிடித்தார். நான் இன்னும் சீட்டில்தான் இருந்தேன்.

"நீங்க எதுக்கு வண்டிய எடுத்திய? எதுக்கு எடுத்திய?" என்று எஸ்தர் கேட்டாள்.

ஆம்புலன்ஸ் வழியில் பாலராமபுரம் நெரிசலில் நின்றபோது ஜெனியின் உதடு வெளுத்துவிட்டது. நகரத்து மருத்துவமனையில் நேராக அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

வராந்தாவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஸ்தர் தரையில் உட்கார்ந்து, "அவளுக்க உயிரைத் தாரும், அவளுக்க உயிரைத் தாரும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஜெபம் வரவில்லை. இரண்டு மாதமாக ஒரு இரும்புக்காக வாய் வலிக்க ஜெபித்தவனுக்கு, பிள்ளைக்காக ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் ஒரு பொருத்தனை செய்தேன். ஆண்டவரே, அவளை நடக்க வைத்துத் திருப்பித் தாரும். இது என் தவறு. இதை மறைக்காமல் எல்லார் முன்பும் சொல்லுகிறேன்.

இதைச் சொல்லி ஒரு மணி நேரம் ஆகவில்லை. மருத்துவமனையிலிருந்து தகவல் போய் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். மெக்கானிக் கிளட்சில் ஏதோ வேலை செய்தார், ஸ்டார்ட் செய்ததும் வண்டி தானாகப் பின்னால் போய்விட்டது என்றேன். எல்லாம் மலையாளத்தில் சொன்னேன். அன்று என் மலையாளத்தில் ஒரு பிழையும் இல்லை.

மாலை நான்கு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துக்கொள்வாள் என்றார். இன்னும் இரண்டு விரல் அளவு நெருக்கியிருந்தால் இங்கே கொண்டுவந்தே பயனில்லை, வண்டி எப்படி அந்த இடத்தில் நின்றது என்று அவரே கேட்டார். எனக்கு அப்போது புரியவில்லை.

ஒன்பதாம் நாள், படுக்கையில் கிடந்த ஜெனிதான் சொன்னாள். மேலே மின்விசிறியைப் பார்த்தபடி, மெதுவாக.

"அப்பா, அந்த ஸ்பிரிங் வெள்ளிக்கிழமை வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"என்ன ஆயிருக்கும்?"

"சுகு மாமன் மாட்டியிருப்பாரு. ரிவர்ஸ் நின்னிருக்கும். நான் இருந்திருக்கமாட்டேன்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். சகோதரரே, சகோதரிகளே, இதைக் கேட்டு நான் துள்ளிக் குதித்தேன் என்று எழுதினால் அது பொய். எனக்குக் கசந்தது. எந்தக் கியரை நிற்கச் செய்யும் என்று அறுபது நாள் மன்றாடினேனோ, அது நிற்காததால் என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அவர் என் ஜெபத்தைக் கேட்கவில்லை என்று முணுமுணுத்தேன். கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். கேட்டு, இல்லை என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் என் காதை ஏன் அன்று திருத்தவில்லை? என் காலை ஏன் பிடித்து நிறுத்தவில்லை? இதற்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் நன்மைக்கே என்றார்கள். வலியில் என் மகள் தலையணையைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்கு வந்தாள். வாக்கரைப் பிடித்து ஒரு அடி, இரண்டு அடி. சபையில் நன்றி ஜெபம் ஏறெடுத்தார்கள். நான் எழுந்து நின்று கர்த்தர் பெரியவர் என்றேன், உட்கார்ந்தேன். பொருத்தனையின் ஒரு பாதியை அவர் செலுத்திவிட்டார். என் பாதி பாக்கி நின்றது.

இதற்கிடையே ஊரில் கதை பரவியிருந்தது. ஸ்டேஷனில் சுகு அண்ணனை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். பின்னெ எடுத்தா மதி என்றுதான் சொன்னேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு ஆசிரியரின் பேச்சுக்கு முன்னால் அது எடுபடவில்லை. டிராக்டர்காரர்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். அந்த ஓணத்துக்கு அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்று பயம்.

நவம்பர் தொடக்கத்தில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது, அவர் எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு சீப்பு ரசகதலிப் பழம். மோளைப் பார்க்க வந்தேன் என்றார். ஜெனி வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்தாள். அவர் அவள் கால்களைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு என்னிடம் திரும்பினார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரல் இறங்கியிருந்தது.

"சாரே, ஒரு காரியம் சோதிக்கட்டே? அன்னு ஞான் எந்தரு பறஞ்ஞது?"

அன்று தான் என்ன சொன்னார் என்று என்னிடமே கேட்கிறார்.

"எல்லாரும் சோதிச்சு சோதிச்சு, இப்போ எனிக்கே சம்சயம். ஞான் எடுக்கான் பறஞ்ஞோ சாரே? சத்தியம் பறயணம். என்றெ வாயில் நின்னு அங்ஙனெ வந்நோ?"

எல்லோரும் கேட்டுக் கேட்டு, வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. நான் சொன்ன பொய் ஸ்டேஷனோடு நிற்கவில்லை. தான் சொன்ன சொல்லையே நம்ப முடியாதவராக அந்த மனிதரை ஆக்கியிருந்தது. அவர் என் வாசலில் நின்று, தான் செய்யாத தவறுக்கு என்னிடமே சாட்சி கேட்டார்.

ஜெனி என்னைப் பார்த்தாள். சுவரோடு நின்று பார்த்த அதே கண்.

"அப்பா. அவரு என்ன சொன்னாரு?"

சொன்னேன். "பின்னெ எடுத்தா மதின்னுதான் சொன்னீங்க அண்ணே. எனக்கு அது பின்னே எடுன்னு கேட்டுச்சு. காலை எடுத்தது நான்தான். போலீஸ்ல சொன்னது பொய்."

திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கையை எடுத்து, "மதி சாரே. ஞான் அல்லெந்நு எனிக்கு அறிஞ்ஞால் மதி" என்றார். தான் செய்யவில்லை என்று தனக்குத் தெரிந்தால் போதுமாம். எழுந்து ஜெனியின் தலையில் ஒரு முறை கை வைத்தார். எஸ்தர் கொண்டுவந்த காப்பியை வாங்கவில்லை. போய்விட்டார்.

ஜெனி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "வண்டிய எடுத்ததுக்கு எனக்குக் கோவமில்லப்பா. அது காது. மத்தது காதில்ல" என்றாள்.

மறுவாரம் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு என்மேல் வழக்கு இருக்கிறது, அதைச் சந்திப்பேன். சபையில் ஆராதனைக்குப் பின் எல்லார் முன்பும் சொன்னேன். ஒரு பெரியவர் வெளியே வந்து என் தோளைத் தொட்டு, "இதையெல்லாம் சபையில சொல்லணுமா சாரே? ஆண்டவருக்குத் தெரிஞ்சாப் போராதா?" என்றார். போதாது ஐயா. சுகுமாரனின் ஊருக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் இதழிலும் எழுதுகிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர் வீட்டுக்குப் போய், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால், வரிவரியாக மலையாளத்தில் சொல்லிக் காட்டினேன். தன் பேரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். உள்ளே வரச் சொல்லவில்லை.

இப்போது ஸ்தோத்திரம். என் மகள் உயிரோடிருக்கிறாள். கைத்தடியோடு நடக்கிறாள். போன மாதம் வேலைக்குத் திரும்பிவிட்டாள். தம்பானூர் பஸ் நிலையம்வரை ஏற்றிவிடப் போனேன். பின்னால் ஏதாவது வண்டி ஹார்ன் அடித்தால் இன்னும் உடல் விறைத்து நின்றுவிடுகிறாள். ஆனாலும் ஏறிப் போனாள். அவளை எனக்குத் திரும்பத் தந்தவர் கர்த்தர். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கசப்போடுதான் சொல்லுகிறேன், ஆனால் உண்மையாகச் சொல்லுகிறேன்: அவருக்கே நன்றி. நான் மாறியிருக்கிறேன். வகுப்பில் இப்போது பிள்ளைகளின் பிழையைத் திருத்தும்போது என் குரல் உயர்வதில்லை. யாராவது எதையாவது சொன்னால், இரண்டாம் முறை கேட்கிறேன். நான் கேட்ட ஜெபத்துக்கு வரும் பதில் நான் நினைத்த திசையிலிருந்துதான் வர வேண்டும் என்று இப்போது பிடிவாதம் பிடிப்பதில்லை.

பிள்ளைகளுக்காகப் பயந்துகொண்டு இதை வாசிக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, அவரை நம்புங்கள். உங்கள் விண்ணப்பத்துக்கு இல்லை என்று சொல்லுகிறவரும் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பொருத்தனை செய்தால் அன்றைக்கே செலுத்துங்கள். நான் பதினோரு வாரம் தாமதித்தேன். அந்தப் பதினோரு வாரத்தைச் சுகுமாரனுக்கு எப்படியாவது திருப்பிக் கொடும் என்று இப்போது தினமும் ஜெபிக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. நீங்களும் என்னோடு சேர்ந்து கேளுங்கள்.